கண்மாயில் மீன் பிடித்த காலம்



வழக்கமாக நான் உங்களிடம் நாற்றங்கால், மேலுரம், குருத்துப்புழு என்றுதான் பேசுவேன். இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "விவசாய ஆபீசருக்கு மீனில் என்னப்பா ஜோலி?" என்று நீங்கள் கேட்கக்கூடும். ஜோலி இருக்கிறது. நம் கண்மாய் மீனின் கதையும் நம் வயலுக்கு வருகிற தண்ணீரின் கதையும் ஒன்றுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமை. ஆறு கிடையாது. வாய்க்கால் பாசனமும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை வரத்துக்கால் கொண்டுவந்து கண்மாயில் சேர்க்க வேண்டும், அதை மடை வழியாக விட்டு ஒரு போகம் நெல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் சிறுவனாக இருந்தது 1990-ஐ ஒட்டிய வருசங்கள். மாசி மாதம் அறுப்பு முடியும். பங்குனியில் தண்ணீர் மடைவாய்க்குக் கீழே இறங்கிவிடும். சித்திரை பிறந்ததும் ஒரு நாள் சாயங்காலம் ஊருக்குள் தப்பு அடித்துச் சொல்வார்கள்: நாளைக்கு விடிய மீன் பிடிக்கலாம்.

அன்று ராத்திரி யாருக்குத் தூக்கம் வரும்? எங்கய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பரணில் இருந்து ஊத்தாவை இறக்குவார். ஊத்தா என்பது மூங்கில் சிம்பினால் பின்னிய கூடை. அடியும் திறந்திருக்கும், மேலே கை நுழைகிற அளவுக்கு வாயும் திறந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே 'சடக்' என்று குத்த வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் சிம்பில் முட்டும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். வலை எதுவும் வேண்டாம். சித்தப்பாவுக்கு கச்சா. அப்பத்தாவும் அத்தையும் பழைய நூல் சேலை ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அயிரை அரிப்பார்கள். எனக்கும் அண்ணனுக்கும் ஒரு ஓட்டைப் பரி, ஒரு தூக்குவாளி.

விடியும்போது கரை முழுக்கத் தலையாக இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தும் வந்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர் மடைக்கு மேலே நின்று வெள்ளைத் துண்டை வீசுகிற வரைக்கும் ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. துண்டு அசைந்ததோ இல்லையோ, கரை அப்படியே சரிந்து உள்ளே விழுந்த மாதிரி சனம் இறங்கும். கால் மணி நேரத்தில் தண்ணீர் குழம்பிச் சாணிக் கரைசல் ஆகிவிடும். மூச்சுத் திணறிய மீன்கள் தலையைத் தூக்கும். அதற்குப் பிறகு பிடிப்பது சுலபம்.

சுலபம் என்று சொல்லிவிட்டேன், எனக்கு வாய்த்தது வேறு. எட்டு வயதில் முதன்முதலாக ஊத்தாவுக்குள் கை விட்டேன். அகப்பட்டது தேளி. அதன் பக்கத்து முள் குத்தினால் முழங்கை வரைக்கும் கடுகடுவென்று ஏறும். நான் போட்ட கூச்சலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பத்தா வீட்டுக்கு இழுத்துப் போய், சூடு பொறுக்கிற அளவுக்கு வெந்நீர் வைத்து அதில் கையை அமுக்கிப் பிடித்தாள். அரை மணியில் வலி இறங்கியது. அந்த விஷம் புரத வகை, சூட்டில் அதன் வீரியம் குறையும் என்று பின்னால் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அப்பத்தா படித்தவள் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த முதல் விசயம். அந்தக் கண்மாயில் யாரும் மீன் குஞ்சு கொண்டுவந்து விட்டது கிடையாது. கோடையில் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். மழை பெய்து பெருகினால் இரண்டே மாதத்தில் மீன் துள்ளும். எங்கிருந்து வந்தது? சிறுவயதில் நான் மழையோடு வானத்தில் இருந்து விழுகிறது என்றே நம்பினேன். உண்மை வேறு. விரால், குறவை, தேளி, கெளுத்தி இவையெல்லாம் செவுளால் மட்டும் மூச்சு விடுகிறவை அல்ல. காற்றையும் நேராக மூச்சிழுக்கக்கூடிய உறுப்பு அவற்றுக்கு உண்டு. அதனால் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் உயிர் தாங்கும். மற்ற மீன்கள் புது வெள்ளத்தை எதிர்த்துக் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாயில் இருந்து மேல் கண்மாய்க்கு ஏறி வரும். ஏத்து மீன் என்று சொல்வோமே, அதுதான்.

பனையேறிக் கெண்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். செவுள் மூடியில் உள்ள முள்ளை ஊன்றித் தரையில் நடக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற அவர்களுடைய படை அதிகாரி, 1791-ல் குளக்கரைப் பனை மரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதி, அது 1797-ல் லண்டன் அறிவியல் சபையில் வாசிக்கப்பட்டது. மீன் உண்மையில் மரம் ஏறுமா என்று நூறு வருசத்துக்கு மேல் சீமையில் விவாதம் நடந்தது. நம் ஆட்கள் அதற்கு முன்பே பெயரை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆக, மீன் வருவதற்கு இரண்டு வழி வேண்டும். ஒன்று, கோடையில் ஒதுங்க ஒரு குழி. இரண்டு, மழையில் ஏறிவர அடைபடாத வரத்துக்கால். எங்கள் ஊரில் மடைக்கு முன்னால் இருக்கிற ஆழமான குழியில் யாரும் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அது ஆடுமாடு குடிக்கிற தண்ணீர் என்றுதான் காரணம் சொல்வார்கள். அந்தக் குழிதான் அடுத்த வருசத்து வித்துமீனைக் காத்தது. இன்னொரு கட்டுப்பாடும் ஐயா சொல்லித் தந்தார். விரால் குஞ்சு பொரித்தால் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே மிதக்கும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் அதைக் குத்துவது மகா சுலபம். "குஞ்சுக்காரியைத் தொடாதே, கை அழுகிப் போகும்" என்பார். கை அழுகாது. ஆனால் அந்தக் குஞ்சு அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிப் போகும்.

சரி, இந்தப் பழக்கமெல்லாம் எத்தனை காலத்துப் பழக்கம்? காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போனால் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்த விதம் அதில் இருக்கிறது. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு குழு, ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னால். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு வருமானமும் வருகிறது. ஏரி மீனுக்கு வாங்குகிற குத்தகைதான் அது. பல ஊர்களில் அந்தப் பணத்தை அந்த ஏரிக்கே, தூர் வாரவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கி வைத்தார்கள்.

பாசி என்ற அந்தச் சொல் உங்கள் காதில் எங்கேயோ விழுந்த மாதிரி இருக்கிறதா? இன்றைக்கும் 'மீன்பாசி ஏலம்' என்றுதானே நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்! சொல் அப்படியே இருக்கிறது. பணம் போகிற பாதைதான் மாறிவிட்டது.

கரையைப் பார்க்கிற வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். நிலத்தின் அளவுக்குத் தக்கபடி வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி, மண் வெட்டி, கரைக்குக் கொட்டுவது. இங்கிலீஷ்காரன் வந்து வரி வசூலைக் கையில் எடுத்த பிறகு ஊர்ச் சபைக்குச் செலவழிக்கப் பணம் இல்லை. பழுதுபார்ப்பு நின்றது. நின்றதும் 1858-ல் சட்டம் போட்டு, ஊர் வழக்கமாகச் செய்துவந்த வேலையை வராவிட்டால் தண்டம் என்று ஆக்கினார்கள். தானாகக் குனிந்த முதுகைப் பிடித்துக் குனியவைத்தால் எத்தனை நாளைக்குக் குனியும்? எங்கள் பக்கம் ஜமீன் கண்மாய்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அவை சர்க்கார் கைக்குப் போயின. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்கு. இத்தனையையும் ஆபீசில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடியாது என்பது ஆபீசில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியும். 2017-ல் சர்க்கார் மறுபடியும் குடிமராமத்து என்ற பெயரில் திட்டம் கொண்டுவந்தது இதனால்தான்.

எங்கய்யா காலத்துக் கணக்கில் கண்மாய்க்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் தண்ணீர் நெல்லுக்கு. பிறகு மீன் சனத்துக்கு. மீன் பிடித்துக் காய்ந்ததும் வண்டல் வயலுக்கு. மாட்டு வண்டியில் வைகாசி முழுக்க வண்டல் அடிப்பார்கள். களியும் மக்கும் கலந்த அந்த மண் மேட்டு நிலத்துக்குத் தழைச்சத்தும் கொடுக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். எடுத்த அளவுக்குக் கண்மாய் ஆழமாகும். மீனைப் பிடிக்க வந்தவன் கண்ணால் பார்த்துவிடுவான், எங்கே மேடு தட்டியிருக்கிறது, மடைக்கல் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று. காலால் மிதித்துப் பார்த்த சேறு அல்லவா! மீன்பிடி நாள்தான் ஊர் மொத்தமும் சேர்ந்து கண்மாயைப் பரிசோதனை செய்த நாள்.

அன்று பிடித்ததை ஊரில் யாரும் விற்க மாட்டார்கள். விற்றால் அடுத்த மழை பெய்யாது என்பது நம்பிக்கை. ஆள் இல்லாத கிழவி வீட்டுக்கும் ஒரு கிண்ணி மீன் போகும். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டுக்கு அண்ணன் சைக்கிளில் தூக்குவாளியோடு போவான். மீதியை உப்புத் தடவிக் கூரையில் காயப்போட்டால் ஆனி வரைக்கும் கருவாடு.

சமையலைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்கள் என்னை விடமாட்டார்கள். விரால், கெளுத்தி இரண்டுக்கும் வழுவழுப்புப் போக அடுப்புச் சாம்பல் தடவிச் சொரசொரப்பான கல்லில் உரசுவாள் அப்பத்தா. அயிரையை உயிரோடு சட்டியில் போட்டு மூடிவைப்பாள், அது மண்ணைக் கக்கி முடிக்கட்டும் என்று. மிளகாய், மல்லி, சீரகம் அம்மியில் அரைபடும். மண்சட்டியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பிறகு புளிக்கரைசல். சித்திரை மாதம் அல்லவா, இரண்டு துண்டு மாங்காயும் விழும். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகுதான் மீன். மீன் போட்ட பிறகு கரண்டியே படக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைப்பாள். உளுவையும் கெண்டைப்பொடியும் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று முள்ளோடு. அந்தப் பொடிமீனை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்து நேராக உடம்புக்குப் போகிறது. பால் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பால். பெரிய மீனில் முள்ளை எறிந்துவிடுகிறோம், அந்த லாபம் கிடையாது.

பிறகு என்ன ஆயிற்று? ஒரே நாளில் எதுவும் நடந்துவிடவில்லை.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் விரால் உடம்பெல்லாம் சிவந்த புண்ணோடு கரை ஒதுங்கியது. அம்மன் குற்றம் என்று பொங்கல் வைத்தார்கள். 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்து மெல்ல மெல்லத் தெற்கே பரவிய புண் நோய் அது. ஒருவகைப் பூஞ்சையால் வருவது. அதற்கு அம்மனும் பொறுப்பல்ல, நாமும் பொறுப்பல்ல.

அடுத்ததற்கு நாம் பொறுப்பு. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு தை மாதம் எங்கள் அப்பா நெல்லுக்கு எண்டோசல்பான் அடித்தார். அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் கிடைத்த மருந்து. அடித்து முடித்துக் கைத்தெளிப்பானை வாய்க்காலில் அலசினார். எல்லோரும் அங்கேதான் அலசுவார்கள். மறுநாள் காலையில் வாய்க்கால் சேர்கிற குட்டையில் கெண்டை அத்தனையும் வயிறு வெளுத்து மிதந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சந்தோசமாகக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தான். அப்பத்தா ஓடிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டாள். கூடை கவிழ்ந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மீன் முழுவதையும் ஐயா தனியாகக் குழி தோண்டிப் புதைத்தார்.

கல்லூரியில் பூச்சிமருந்துப் பாடம் நடத்தும்போது, ஒரு கிராம் எண்டோசல்பான் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் கலந்தாலே பல வகை மீன்களைக் கொல்லப் போதும் என்று சொன்னார்கள். எனக்கு அந்தக் கூடை கவிழ்ந்த சத்தம்தான் கேட்டது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்தைத் தடை செய்தது. ஆனால் இன்றைக்கு விற்கிற மருந்துகளிலும் மீனைக் கொல்லுகிறவை உண்டு, சைபர்மெத்ரின் அதில் ஒன்று. ஆகையால் தெளிப்பானை வாய்க்காலில், மடையில், கண்மாயில் அலசாதீர்கள். அலசின தண்ணீரை மருந்து அடித்த வயலிலேயே, தண்ணீர் வெளியே ஓடாத இடத்தில் ஊற்றிவிடுங்கள். அடித்த கையோடு வயல் தண்ணீரை வடிக்கவும் செய்யாதீர்கள். மீன் பிடிக்க என்றே மருந்து ஊற்றுகிற பாவிகளும் இருக்கிறார்கள். ஏரி, குளத்தில் விஷம் கலப்பதும் வெடி வைப்பதும் 1897-ல் வந்த மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம்.

மூன்றாவது, புது மீன். 1952-ல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் எங்கே விட்டாலும் பல்கிப் பெருகி நாட்டுக் கெண்டையின் இடத்தைப் பிடித்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வேறு ரகம். அவை ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும், கண்மாயில் பெருகாது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஹிராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை இனத்தைக் குளத்திலேயே முட்டையிட வைத்துக் காட்டினார். அதனால்தான் இன்றைக்கு வேண்டிய மட்டும் குஞ்சு கிடைக்கிறது. இது பெரிய சாதனை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குஞ்சு விடுவதற்கு முன்னால் விரால், கெளுத்தியை எல்லாம் அரித்து வெளியே எடுத்தார்கள், கட்லாக் குஞ்சைத் தின்றுவிடுமாம். சின்ன நாட்டு மீனுக்கு வைத்த பெயர் 'களை மீன்'. நெல்லில் களை எடுக்கச் சொல்கிற நான்தான் கேட்கிறேன், அயிரை எப்படி ஐயா களையாகும்?

எங்கள் கண்மாயும் ஏலத்துக்குப் போனது. வெளியூர்க்காரர் எடுத்தார். கரையில் ஒரு குடிசை, ஒரு காவல்காரர். அந்தச் சித்திரையில் தப்பும் அடிக்கவில்லை, துண்டும் வீசவில்லை. ஐயா மட்டும் பழக்கதோசத்தில் ஊத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் போனார். "தாத்தா, ஏலம் எடுத்த கண்மாய், இறங்கக் கூடாது" என்று காவல்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். ஐயா திரும்பி வந்து ஊத்தாவைப் பரணில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் இறக்கவே இல்லை.

குத்தகையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பாசிப்பாட்டமும் குத்தகைதானே! ஆனால் அந்த ஏலப் பணத்தில் ஒரு கூடை மண்கூட எங்கள் கரைக்கு விழவில்லை. மீன் நம்முடையது இல்லை என்று ஆனதும் வரத்துக்காலில் முள் வெட்டப் போக ஆளுக்கும் மனசு வரவில்லை. நாலு வருசத்தில் கருவேலம் மூடியது. கலுங்குக் கல் பெயர்ந்தது. கடைசியில் தண்ணீர் குறைந்தது யாருக்கு? கடைமடையில் நெல் போட்ட நமக்கு.

உங்கள் ஊரில் மீன்பாசி ஏலம் நடந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இந்தப் பணத்தில் எவ்வளவு கண்மாய்க்கு வருகிறது என்று கேட்டு, கரை வேலைக்கு ஒரு பங்கு ஒதுக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மடைக்குழியைக் குத்தகைதாரர் இறைத்து வற்றடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விடவே விடாதீர்கள். 2000-லேயே அதை வளர்க்கத் தடை போட்டாயிற்று. கையில் அகப்பட்ட அத்தனையையும் விழுங்குகிற சாதி அது.

எங்கள் ஊரில் இரண்டு வருசமாக ஏலம் எடுக்க ஆள் வரவில்லை. வரத்துக்கால் வெட்டி, போன ஐப்பசியில் கண்மாய் பெருகியது. சித்திரையில் மறுபடியும் துண்டு வீசினார்கள். ஐயாவின் ஊத்தாவைக் கரையான் தின்றுவிட்டது, சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு மகளோடு இறங்கினேன். ஜிலேபிதான் அதிகம் கிடைத்தது. மதியம் திரும்பப் போகிற நேரத்தில் அவள் ஊத்தாவில் ஒரு குறவை முட்டியது. முதலில் அது தேளி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கையை விடச் சொன்னேன்.

அன்று ராத்திரி அவளுக்கு முள் எடுத்துக் கொடுத்தே என் சோறு ஆறிப்போனது. குழம்பில் மாங்காய் இருந்தது.